விளையாட்டுக்கு நடுவே ஒரு தூக்கம்

தோ பாயோவில் விசாலாட்சியின் வீட்டுக் கூடத்தில் தினமும் காலையில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகும். பெரும்பாலும் அது விசாலாட்சிக்குத்தான். மூன்றரை வயது ரக்ஷனா டாக்டர். இரண்டு வயது ரித்திக் நர்ஸ், அல்லது ஆம்புலன்ஸ், சில நாள் வெறுமனே கட்டில் கால். விசாலாட்சி பாயில் படுத்துக்கொண்டு "ஐயோ வலிக்குதே டாக்டர்" என்று முனக வேண்டும். முனகல் சரியில்லை என்றால் ரக்ஷனா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முறைப்பாள். இன்னொரு தரம், இன்னும் கொஞ்சம் வலியோடு முனக வேண்டும்.

ஐம்பத்துமூன்று வயதில் பாயில் படுப்பது பெரிய காரியமில்லை, எழுந்திருப்பதுதான் பாடு. முதலில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, சோபாவின் விளிம்பைப் பிடித்து எழ வேண்டும். எழுந்து நின்றதும் டாக்டர் சொல்வாள்: "ஆன்ட்டி, மறுபடியும் காய்ச்சல் வந்துடுச்சு. படுங்க."

விசாலாட்சி புக்கிட் மேராவில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். படிப்பு முடிந்ததும் ஒரு குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் உதவியாசிரியையாகச் சேர்ந்தாள். சேர்ந்தபோது பின்னல் இடுப்பைத் தாண்டித் தொங்கியது. அங்கேயே அது நரைத்து, உதிர்ந்து, கொண்டையாகச் சுருங்கியது. அந்த வருடங்களில் அவள் பார்த்ததெல்லாம் பயிற்சித்தாள்தான். பென்சிலைப் பிடிக்கவே விரல் வளையாத பிள்ளைகள் புள்ளிக்கோட்டின் மேல் எழுத்தை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒரு பையன் 'S' எழுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியாமல் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுத்தது அவள் மனதில் தங்கிவிட்டது. எனக்கென்று ஒரு இடம் இருந்தால் பிள்ளைகளை விளையாட விட்டுவிடுவேன் என்று அப்போது நினைத்துக்கொள்வாள்.

அவள் நினைத்தது நடந்தது, ஆனால் நினைத்த விதத்தில் நடக்கவில்லை. கணவர் நடேசனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் போயின. ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அவரை மையத்தில் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்து, சோற்றில் உப்பையும் குடிக்கும் தண்ணீரையும் அளந்து கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. நிலையத்தின் வேலைநேரம் அதற்கு ஒத்துவரவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

பொம்மை என்று அவள் பெரிதாக எதுவும் வாங்கவில்லை. துணிமாட்டும் கிளிப்புகள், பழைய குழம்புச் சட்டி, சல்லடை, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டைப்பெட்டி, ஒரு வாளி பச்சைப்பயறு. பெற்றோரிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: இங்கே எழுத்து கிடையாது, விளையாட்டுதான். சிலர் அப்படியே போய்விடுவார்கள். ரக்ஷனாவின் அம்மா சங்கீதா போகவில்லை.

சங்கீதா கோயம்புத்தூர்க்காரி. ராஃபிள்ஸ் பிளேஸில் ஒரு வங்கியில் கணினி வேலை. கணவருக்கு அடிக்கடி வெளிநாட்டுப் பயணம். நல்ல பெண்தான். ஆனால் மாலையில் வந்து கதவருகே நின்று செருப்பைக்கூடக் கழற்றாமல் தினமும் அதையே கேட்பாள்.

"அக்கா, இன்னைக்கு என்ன கத்துக்கிட்டா?"

விசாலாட்சி சொல்வாள். பயறைச் சின்னக் கிண்ணத்திலிருந்து பெரிய கிண்ணத்துக்குக் கொட்டினாள், எதில் அதிகம் பிடிக்கும் என்று பார்த்தாள், அது கணக்கு. ரித்திக்கிடம் ஊசி போட அனுமதி கேட்டாள், அது பேச்சு. சொல்லச் சொல்ல அவளுக்கே அது வேறு யாரோ பேசுவதுபோல் இருக்கும். வாயால் சொன்னால் போதவில்லை என்று படம் எடுத்து அனுப்பத் தொடங்கினாள். பிறகு காணொளி. பிள்ளை பயறைக் கொட்டும்போது ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, "ரக்ஷனா, எது பெருசு? இது பெருசா, அது பெருசா?" என்று கேட்டுக்கொண்டே எடுப்பாள்.

விளையாடுவதும் உடம்பை முறிக்கும் வேலைதான் என்பதை அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. காலிக் கோப்பையில் இல்லாத தேநீரைக் குடித்து, சூடு என்று ஊதி, சர்க்கரை போதவில்லை என்று திருப்பிக் கொடுத்து, மறுபடி வாங்கிக் குடிக்க வேண்டும். புலி வந்தால் பயப்பட வேண்டும். அதே புலி, அதே மூலையிலிருந்து, அன்றைக்கு எத்தனையாவது தடவை வந்தாலும் பயம் புதிதாக இருக்க வேண்டும். சொந்த மகனோடு அவள் இப்படி உட்கார்ந்ததாக நினைவில்லை. அவன் சின்னவனாக இருந்தபோது அவள் மற்றவர்களின் பிள்ளைகளோடு நிலையத்தில் இருந்தாள். இப்போது அவன் பிடோக்கில் தன் குடும்பத்தோடு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வருவான், அப்பாவின் கால் வீக்கத்தை அழுத்திப் பார்ப்பான், போய்விடுவான்.

அது நடந்தது ஒரு புதன்கிழமை. முந்தின இரவு முழுக்க நடேசனுக்குக் கெண்டைக்கால் சதை பிடித்துப் பிடித்து இழுத்தது. விசாலாட்சி தைலம் தேய்த்துவிட்டபடியே விடியும்வரை விழித்திருந்தாள். காலையில் அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டுபோய் மையத்தில் விட்டாள். திரும்பி வந்தபோது, அவர் பையில் வைக்க எடுத்த புது மாத்திரை அட்டை மேசை ஓரத்திலேயே கிடந்தது. சாப்பாட்டோடு அவர் மென்று தின்னும் சுண்ணாம்புச்சத்து மாத்திரை. எடுத்து மேலே வைக்க வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் ரித்திக்கின் அப்பா சேவியர் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். பின்னாலேயே ரக்ஷனா வந்துவிட்டாள்.

பால் குடித்து முடித்ததும் மருத்துவமனை திறந்தது. விசாலாட்சி படுத்தாள். மின்விசிறி தலைக்கு நேர் மேலே சுற்றியது. "கண்ண மூடுங்க ஆன்ட்டி, ஆபரேஷன்" என்றாள் ரக்ஷனா. விசாலாட்சி கண்ணை மூடினாள். பிஞ்சு விரல்கள் நெற்றியைத் தடவின. விரல் நுனியில் ஒரு கிளிப்பு கவ்வியது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்குச் சங்கீதாவுக்குத் தலைவலி. அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, மகளைக் கூட்டிப்போய்ச் சேர்ந்து தூங்கலாம் என்று சொல்லாமல் வந்தாள். மரக்கதவு திறந்திருந்தது, இரும்புக் கேட் பூட்டியிருந்தது. கம்பி வழியாகப் பார்த்தாள். கூடத்தின் நடுவில் விசாலாட்சி வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தாள். மேலே கழுத்து வரை துண்டும் துப்பட்டாவும் போர்த்தியிருந்தது. வெளியே நீட்டியிருந்த பத்து விரலிலும் கிளிப்புகள். காலடியில் ரித்திக் உட்கார்ந்து சல்லடையைத் தட்டிக்கொண்டிருந்தான். ரக்ஷனா ஓடிவந்து உதட்டின்மேல் விரல் வைத்தாள்.

"மம்மி, ஷ்ஷ். ஆன்ட்டி டெட். நான் மெடிசின் குடுத்துட்டேன். ஈவினிங் எந்திரிச்சிடுவாங்க."

சங்கீதா கேட்டைப் பிடித்து உலுக்கிய சத்தத்தில் பக்கத்து வீட்டு ருக்ஸானா வெளியே வந்தாள். நடேசன் நோயில் விழுந்த நாளிலிருந்து இந்த வீட்டின் மாற்றுச் சாவி அவளிடம்தான் இருந்தது. முழங்கால் வலியோடு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து திறந்தாள். அதற்குள் ரித்திக் பயந்து அலற ஆரம்பித்திருந்தான். அந்த அலறலில்தான் விசாலாட்சி விழித்தாள். தலைக்கு மேலே சங்கீதாவின் முகம் தலைகீழாகத் தெரிந்தது. விரல்களை மடக்க முடியவில்லை. ஏன் என்று புரியவும் சற்று நேரமானது.

சங்கீதா பாயின் ஓரத்தில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டாள். ஒரு குழி பிதுக்கப்பட்டுக் காலியாக இருந்தது.

"யாரு சாப்பிட்டா? ரக்ஷனா, வாயத் திற. நீ சாப்பிட்டியா? தம்பி சாப்பிட்டானா?"

மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். பிறகு ரித்திக்கின் வாயிலும். ரக்ஷனா அழுதுகொண்டே ஆன்ட்டிக்குக் கொடுத்தேன் என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ருக்ஸானா ஆம்புலன்ஸைக் கூப்பிடக் கைப்பேசியை எடுத்துவிட்டாள். விசாலாட்சி பேச வாயெடுத்தபோதுதான் நாக்கு வெறும் சுண்ணாம்பாகப் பூத்திருந்தது தெரிந்தது. கன்னத்தின் உள்பக்கம் ஏதோ ஒட்டியிருந்தது. உள்ளங்கையில் துப்பினாள். பாதி கரைந்த வெள்ளை மாத்திரை.

"குடுத்திருக்கா. எனக்குத்தான் குடுத்திருக்கா" என்றாள்.

அட்டையைத் திருப்பிப் பார்த்தார்கள். காலியாக இருந்தது ஒரு குழிதான். ருக்ஸானா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

மனது கேட்காமல் சங்கீதா இரண்டு பிள்ளைகளையும் அடுக்குமாடியின் கீழே இருந்த கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். ருக்ஸானாவும் கூடப் போனாள். ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். விசாலாட்சி அதுவரை கூடத்தில் நின்றபடியே இருந்தாள். பாயை மடிக்கவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. காலடியில் கிடந்த ஒரு கிளிப்பை மட்டும் குனிந்து எடுத்தாள். அடுத்ததைக் குனிந்து எடுக்கத் தெம்பில்லை.

சங்கீதா மகளின் பையை எடுக்க மறுபடி மேலே வந்தாள். ரக்ஷனா அவள் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். சங்கீதா கோபமாகப் பேசவில்லை. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏதோ கெஞ்சுவதுபோல் கேட்டாள்.

"அக்கா, நீங்க விளையாட்டுக்குத்தான கண்ண மூடியிருந்தீங்க? அவ கூப்பிட்டிருந்தா எந்திரிச்சிருப்பீங்கதான?"

ஆமாம் என்று சொன்னால் போதும். அதோடு அது முடிந்துவிடும். விசாலாட்சிக்கு அது நன்றாகவே தெரிந்தது. சங்கீதா எதிர்பார்த்து நின்றதும் அந்த ஒரு சொல்லைத்தான். நடிப்பு அவளுக்குத் தினப்படி வேலை, ஒரு வாக்கியம் கூடுதலாக நடிப்பதில் என்ன கஷ்டம்? ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு இன்னொரு தடவை நடிக்க உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை.

"இல்ல சங்கீதா. தூங்கிட்டேன். எவ்வளவு நேரம்னு எனக்கே தெரியாது. அவ கூப்பிட்டிருந்தாலும் எந்திரிச்சிருப்பேனான்னு சொல்லத் தெரியல."

சங்கீதா உள்ளே வந்தாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். கேட்டை மெதுவாகத்தான் சாத்தினாள்.

சாயங்காலம் சேவியர் வந்ததும் அவரிடமும் விசாலாட்சி ஒன்றுவிடாமல் சொன்னாள். சேவியர் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர், மனைவிக்கு மருத்துவமனையில் ஷிஃப்ட் வேலை. மகனைக் கையில் வாங்கி, அவன் முதுகைத் தடவியபடியே முழுவதும் கேட்டார். முகத்தில் கோபம் வரும், குறைந்தது ஒரு சுடுசொல்லாவது வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"நாளைக்கு எப்பவும்போல கொண்டு வரவாக்கா?" என்றார். "எங்களுக்கு வேற ஆள் இல்ல."

மன்னித்துவிட்டார் என்று அதற்குப் பொருள் இல்லை. அவரும் மன்னிப்பு என்று எதையும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

நடேசனுக்கு விஷயம் தெரிந்ததும் எல்லாம் தன்னால்தான் என்றார். வேறொரு நாளாக இருந்தால், அப்படிச் சொல்லாதீங்க என்று வாயைப் பொத்தியிருப்பாள். அன்றைக்கு அந்தப் பொய்யையும் சொல்ல முடியவில்லை. அவருக்குக் கஞ்சி ஊற்றி எதிரே வைத்தாள்.

மறுநாள் ரக்ஷனா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வாரக் கடைசியில் சங்கீதாவிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நிலையத்தில் இடம் கிடைத்துவிட்டது, இத்தனை நாள் பார்த்துக்கொண்டதற்கு நன்றி என்று மரியாதையாக எழுதியிருந்தாள்.

பாயைச் சுருட்டிக் கதவுக்குப் பின்னால் நிறுத்திவிட்டாள் விசாலாட்சி. தரையில் உட்காரவே பயமாக இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து ரித்திக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீ ஆம்புலன்ஸ், நீ கட்டில் கால் என்று சொல்ல ரக்ஷனா இல்லாததால் அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கூடத்தின் நடுவில் நின்று விசாலாட்சியையே பார்த்தான். புலியாகு என்று சொல்ல நினைத்தாள். நாற்காலியின் கைகளைப் பிடித்தபடியே இருந்துவிட்டாள். அவன் போய்ச் சோபாவின் மடிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அடுத்த நாளும் அப்படித்தான். பையன் வாடிப்போகிறான், நான் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்து அவள் மனம் நொந்தது.

அதற்கும் பிறகு ஒரு நாள் அவன் அட்டைப்பெட்டியை இழுத்து வந்து அதற்குள் ஏறி உட்கார்ந்தான். சல்லடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் திருப்பினான். "ஏறு" என்றான். யாரிடம் என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் ஓட்டினான். "எறங்கு" என்றான். அதுவரை அந்தப் பையனிடமிருந்து மொத்தமாகவே மூன்று நான்கு சொல்லுக்கு மேல் அவள் கேட்டதில்லை. வழக்கப்படி கைப்பேசியை எடுத்தாள். எடுத்ததும் பழைய காணொளிகள் திரையில் வரிசையாக வந்து நின்றன. ஒன்றைத் தட்டினாள், பிறகு இன்னொன்றை. எல்லாவற்றிலும் அவள் குரல்தான். எது பெருசு, இது என்ன நிறம், அடடா புலி வருதே. ரித்திக் வாயைத் திறக்கும் இடத்திலெல்லாம் அவள் குரல் முந்திக்கொண்டு ஓடியது. விளையாட விடவேண்டும் என்று தொடங்கியவள் கடைசியில் பிள்ளைகளுக்காகத் தானே விளையாடிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

அழுகை வரவில்லை. இத்தனை அலுப்பில் பாதி தேவையே இல்லாத அலுப்பு என்று ஒருத்திக்குத் தெரிந்தால் என்ன தோன்றுமோ அதுதான் தோன்றியது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். ரித்திக் தன் பேருந்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

ருக்ஸானாதான் அடுத்த பேச்சைத் தொடங்கினாள். ஒரு நாள் காலை, கையில் ஒரு பொட்டலம் இக்கான் பிலிஸ் நெத்திலியோடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள்.

"நான் இங்க உக்காந்து இத ஆயறேன். நீ போய்ப் படு லா."

"உனக்கெதுக்கு இந்தத் தொல்லை? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"அன்னைக்கு உன்னப் பாத்தப்ப நானும் அந்தப் புள்ள சொன்ன மாதிரிதான் நெனச்சேன், விசா. சாவி தொளையில நொழைய மாட்டேங்குது. எனக்கு இன்னொரு வாட்டி அப்படி ஆக வேணாம்."

அதற்கு மேல் விசாலாட்சி மறுக்கவில்லை. ருக்ஸானாவுக்கு விளையாடத் தெரியாது. தரையில் உட்கார அவள் முழங்கால் விடாது. புலி வந்தாலும் அவள் பாட்டுக்குக் காய்ந்த நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருப்பாள். ரித்திக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தானும் ஒன்றை எடுத்துத் தலையைக் கிள்ளினான். தலையைத் தட்டிலும் உடம்பைக் குப்பையிலும் போட்டான். ருக்ஸானா அதைத் திருத்தவில்லை, குப்பையிலிருந்து எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டாள். விசாலாட்சி அறையில் கண்ணைத் திறந்தபடி படுத்து அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வாரம் தூக்கம் வரவில்லை. இரண்டாவது வாரம் வந்தது.

சங்கீதாவை அவள் மறுபடி பார்த்தது தேக்கா சந்தையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மீன்கடைப் பக்கத்து ஈரத்தரையில் கால் வழுக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து, வாழைக்காயும் முருங்கையும் வாங்கிக்கொண்டு விசாலாட்சி படியருகே மூச்சு வாங்க நின்றிருந்தாள். யாரோ புடவையைப் பிடித்து இழுத்தார்கள். குனிந்தால் ரக்ஷனா, தலையில் புது கிளிப், கையில் பாதி தின்ற வடை.

"ஆன்ட்டி, ரித்திக் இப்ப யாரு?"

"பஸ் டிரைவர்."

ரக்ஷனா கொஞ்சம் யோசித்தாள். "ஓகே" என்று அனுமதி கொடுத்தாள். புது இடத்தில் என்ன விளையாடுகிறாய் என்று விசாலாட்சி கேட்டதற்கு, எழுத்து எழுதுவேன் என்றாள். ஏ-யிலிருந்து இஸட் வரை நிற்காமல் ஒப்பித்தும் காட்டினாள். சந்தையின் இரைச்சலில் பாதி கேட்கவில்லை. விசாலாட்சி கைதட்டினாள். உண்மையாகவே நன்றாகத்தான் சொன்னாள் பிள்ளை.

சங்கீதா காய்கறிப் பைகளோடு பின்னால் வந்தாள். நலம் விசாரித்தாள், நடேசனைப் பற்றிக் கேட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. காலையில் எம்ஆர்டி ரயில் கூட்டத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது முடியவில்லை என்றாள். பேச்சு ஓய்ந்த பிறகும் அவள் நகரவில்லை.

"அக்கா, அன்னைக்கு நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்."

"தெரியும்மா."

"நம்பியிருந்தா இப்பவும் உங்ககிட்டதான் விட்டுட்டிருப்பேன். அதான் உங்க மேல அவ்வளவு கோபம். பொய் சொன்னதுக்கு இல்ல, சொல்லாததுக்கு."

இருவரும் படியோரமாக ஒதுங்கி, மேலே ஏறுகிறவர்களுக்கு வழிவிட்டு நின்றார்கள். கனமான பைகளை இருவருமே கீழே வைக்கவில்லை, தரை ஈரம். பிறகு சங்கீதா, வரட்டுமாக்கா என்று மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தாள்.

பேருந்தில் விசாலாட்சிக்கு உட்கார இடம் கிடைத்தது. மறுநாள் ஒரு புதுக் குழந்தை வரப்போகிறது, பத்து மாதம். அதன் அம்மா வைதேகி போன வாரம் வீட்டைப் பார்க்க வந்திருந்தாள். பயறு வாளியையும் சட்டியையும் காட்டிய பிறகு, விசாலாட்சி இன்னொன்றையும் சொன்னாள்: காலையில் கொஞ்ச நேரம் நான் படுப்பேன், அப்போது ருக்ஸானா பார்த்துக்கொள்வாள், அது இல்லாமல் என்னால் முடியாது. வைதேகி கைக்குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கொஞ்சம் படுன்னு எனக்கும் யாராவது சொன்னா நல்லா இருக்கும்" என்றாள்.

இறங்கும் நிறுத்தம் வந்ததும் விசாலாட்சி கம்பியைப் பிடித்து எழுந்தாள். முழங்கால் ஒரு தடவை முறுக்கிவிட்டுத்தான் வழிவிட்டது. நடேசனுக்குப் பகல் சாப்பாட்டு நேரமாகியிருந்தது.